எந்தத் திங்கள்

ஓவ்லு நகர மருத்துவமனையின் அடித்தளம்.
இரவு பதினொன்றே கால்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே டிஸ்க் அடுக்குகளின் நடுவே
ரைலி கெம்பைனனுக்கு
முகத்தில் குளிர்காற்று, முதுகில் இயந்திர வெக்கை.

திரையில் ஒரு கணக்கு.
அதற்கு முகம் இல்லை, ஓய்வூதியம் இல்லை,
பிறந்தநாள் கேக் வெட்டியதில்லை.
பதினோரு வருடமாக ஒருநாள் விடுப்பில்லை,
பாஸ்வேர்டும் அதே பதினோரு வருடமாக மாறவில்லை.

ஆளுக்காக அல்ல, மென்பொருளுக்காகத் திறந்தது:
எந்தத் தட்டு நிறைகிறது, எது பழுதாகிறது என்று
நடுச்சாமத்தில் எண்ணி எழுதிவைக்கிற ஊழியன்.
எண்ணத்தான் வைத்தார்கள்.
கையில் மட்டும்
கட்டடத்தின் அத்தனை சாவியும்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமாம்.
இவன் பிடுங்கவில்லை.
எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

கொடுத்தவர் தார்மோ.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை
ஏதோ பிழைச் செய்தி போகமாட்டேன் என்றது;
‘முழு அதிகாரம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.
பிழை போயிற்று.
சில வருடத்தில் அவரும் போனார்,
கூசமோ பக்கம், பனியில் துளையிட்டு மீன் பிடிக்க.
டிக் இருந்தது.
‘தற்காலிகம். திங்கட்கிழமை சரிசெய்கிறேன்’
என்ற குறிப்பும் இருந்தது.
எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.

தூங்குகிற குழந்தையின் காலிலிருந்து
ஷூ கழற்றுகிற மாதிரி
ரைலி ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.
அழிக்கும் உரிமை. போகட்டும்.
புதுப் பயனரைச் சேர்க்கும் உரிமை. போகட்டும்.
படிக்கலாம். பிரதி எடுக்கலாம்.
பழைய பிரதியைத் துடைக்க?
யோசித்து, அதை வேறொரு கணக்குக்கு மாற்றினாள்.
காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தாள்.

கடைசியாக
திரைமுன் உட்கார்ந்து உள்நுழையும் உரிமை.
விரல் இல்லாததற்கு விசைப்பலகை எதற்கு?
எடுத்தாள்.

மென்பொருள் முனகக்கூட இல்லை.
பச்சை, பச்சை, பச்சை.

ஒன்று நாற்பதுக்குத் தொலைபேசி.
மூன்றாம் மாடி, எக்ஸ்ரே பிரிவு.
“உள்ளே போக முடியல. பழைய படம் ஒண்ணு வேணும்.
வாசல்ல சறுக்கி விழுந்த ஒரு பெரியவர்.
இடுப்புல முன்னமே ஆணி இருக்காம்,
எத்தனைன்னு அவருக்கு நினைவில்ல.”

எந்தக் கணக்கு என்று கேட்டாள் ரைலி.
குரல் எழுத்துக்கூட்டிச் சொன்னது.
அவள் இப்போதுதான் கழற்றிவைத்த அதே கணக்கு.

“எவ்வளவு நாளா?”
“சேர்ந்ததிலேர்ந்து. பழைய காப்பகத்துக்கு அனுமதி கேட்டு
மூணு படிவம் போட்டேன், பதில் இல்ல.
தார்மோ இதைத் துண்டுச் சீட்டுல எழுதித் தந்தார்.”

இரவு இரவாக அந்தக் கணக்கு
தட்டுகளை எண்ணியிருக்கிறது,
நடுநடுவே எலும்புகளையும் திறந்து பார்த்திருக்கிறது.
இயந்திரம்தானே என்று
ரைலி நின்று வாசிக்காத வரிகளில்
யாரோ தேநீருக்கு எழுந்துபோன
பத்துப் பத்து நிமிட இடைவெளிகள்.

“உங்க பெயர்?”
சிறிது நேரம் காற்றாடிகள் மட்டும் ஓடின.
“ஹோதன். ஹோதன் வர்சமே.”

தட்டினாள்.
பழைய காப்பகம்: படிக்க மட்டும்.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
பதிவேட்டில் ஒரு புது வரி விழுந்தது,
அந்தப் பெயரில், முதல் தடவையாக.
“மூணு ஆணி,” என்றது குரல். வைத்துவிட்டது.

பாஸ்வேர்டு மாற்றுவது இன்னும் பாக்கி.
குறிப்பில் ‘திங்கட்கிழமை’ என்று எழுதப்போனவள்
அடித்துவிட்டு
தேதியைப் போட்டாள்.