தெரியாது: பதினொன்று

ஆம். இல்லை. தெரியாது.
மூன்று பெட்டி, ஒரு தாள்.
ஆலடி ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வேண்டுமா?
குடியுரிமைக் கல்வி ஒப்படை, இருபது புள்ளி.
பிரசாந்தி டீச்சர் சொல்லி அனுப்பியது:
பதிலை நாங்களே வாயில் ஊட்டக் கூடாது,
கடப்படியில் நின்று கூப்பிட வேண்டும்,
நாய்க்குக் கல் எடுக்கக் கூடாது.

முதல் வீட்டிலேயே கல் எடுத்தோம்.

மூன்றாம் வீட்டில், "அவர் வரட்டும், அவரிட்டக் கேளுங்க."
"நீங்க என்ன நினைக்கிறீங்க, அக்கா?"
சுளகில் மிளகாயைப் பரப்பியபடி
நெடுநேரம் நின்றார்.
"என்னட்ட ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லகா."
டிலுக்சனா
தெரியாதில் புள்ளடி போட்டாள்.
பிழை என்று பட்டது.
சரியான பெட்டி எதுவென்று எனக்கும் தெரியவில்லை.

வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிய
மயில்வாகனம் சொன்னார்:
"விளக்கு வந்தாக் களவு குறையும்.
கள்ளனுக்கும் வழி தெரியும்.
ரெண்டையும் எழுது."

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் லோஜினி
ஏழரைக்கு பஸ்ஸால் இறங்குகிறாள்.
போன் வெளிச்சத்தில் நடப்பாளாம்,
சார்ஜ் இல்லாத நாள் ஓடுவாளாம்.
பேனையை வாங்கித் தானே போட்ட புள்ளடியில்
தாள் கிழிந்துபோனது.

பதினேழாம் வீட்டில் தங்கேஸ்வரி
நாங்கள் வாய் திறக்குமுன் ஃபைலோடு வந்தார்:
அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம்,
ஓரம் மடிந்த ஒரு படம்.
"எதுக்குப் பதியிறீங்க? கடலுக்கா, ஆளுக்கா?"
"விளக்குக்கு."
சிரித்தார். சிரித்து முடியவில்லை,
ஃபைலின் நாடாவைத் திரும்பக் கட்டினார்.
"வெளிச்சம் பட்டா நிலத்தோட படுத்த ஆக்கள் நாங்க.
எனக்கு வேணாம் புள்ள.
ராவில வாற குமருகளுக்கு வேணும்.
அதுக்குப் பெட்டி இரிக்கா?"
இல்லை.
"எழுதிக்கொண்டு போனவங்க திரும்பி வந்ததும் இல்ல."

முடக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
கீரி மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்
காத்தான்குடி முபீத் நானா.
"என்னக் கேக்கமாட்டீங்களா?
நாலரைக்கு வாறவன்.
இந்தக் கிடங்குக்குள்ள ரெண்டு தரம் விழுந்தவன்."
"நீங்க இந்த ஊர் இல்லையே," என்றான் அபிலக்சன்.
நானா தராசிலிருந்து கண் எடுக்கவில்லை.
"கிடங்கு அதக் கேக்கல்ல, தம்பி."

கரும்பலகையில் கூட்டினோம்:
ஆம் இருபத்தாறு, இல்லை நான்கு,
தெரியாது பதினொன்று.
நானா, நிரலுக்கு வெளியே, சின்ன எழுத்தில்.
"தெரியாத ஆக்கள விடுவம்,
சதவீதம் கூடும்," என்றான் அபிலக்சன்.
"அவங்களுக்கு நல்லாத் தெரியும்.
எங்கட பெட்டிக்குத்தான் தெரியாது,"
என்று டிலுக்சனா கத்தினாள்,
அந்தப் புள்ளடியைப் போட்ட அதே டிலுக்சனா.
டீச்சர் சோக்கைத் தட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்.
மணி அடித்தும் முடியவில்லை சண்டை.

கடைசியில் பதினொரு வீட்டுக்கும் தனியாக ஒரு பக்கம்,
சொன்னதைச் சொன்னபடி.
பதினேழு புள்ளி கிடைத்தது.
அட்டவணை சுத்தமில்லை என்று சிவப்பு மையில் குறிப்பு.

பிரதேச சபையில் கடிதத்தை வாங்கி
முத்திரை குத்தித் தந்தார்கள்.
விளக்கு இன்னும் வரவில்லை.
பெறுபேற்றைச் சொல்ல
நாங்கள்தான் திரும்ப ஒழுங்கைக்குள் இறங்கினோம்,
இந்த முறை புள்ளி ஏதும் இல்லை.

தங்கேஸ்வரி கதிரை கொண்டுவந்து போட்டார்,
அதில் ஒருவரும் இருக்கவில்லை,
அவரும் எடுக்கவில்லை.

மூன்றாம் வீட்டைக் கடக்கும்போது
மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்தபடி
அந்த அக்கா கடப்படிக்கு ஓடி வந்தார்.
"புள்ள, அண்டைக்குக் கேட்டீங்களே,
நான் யோசிச்சன்."
கடிதம் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்த
டிலுக்சனாவின் காலை மிதித்தேன்.
பேனையைத் திறந்தேன்.