ஆட்டினால் நிற்காத மெசின்

மாங்குளம் சந்தி, டயர்க் கடையின் பின்பக்கம்
சாக்கு விலக்கிக் காட்டினார் கமலநேசன்.
"சுவிசில இருந்து கொள்கலத்தில வந்தது,
மச்சான் அனுப்பினவன். ஒன்றேகால் லட்சம்."

நான் வாய் திறக்கவில்லை.
கால்கள் நாலையும் முதலில் தடவினேன்.
ஒன்று வேறு மெசினின் கால்,
அடியில் இரண்டு ரூபாய்க் குத்தி வைத்து
மட்டம் பார்த்திருக்கிறார்.
கண்ணாடி சரி. குண்டு ஓடி ஓடி
நடுவில் பெயின்ற் போய் மரம் தெரிகிறது.
அது குறையில்லை, ஆட்கள் ஆசைப்பட்ட இடம்.

மூடியைத் திறந்தேன். பல்லி முட்டை இரண்டு.
பற்றரி கசிந்து பச்சை பூத்த பலகை;
யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று
இனி அதற்கு ஞாபகம் வராது.
எட்டாயிரம் கழித்தேன், மனதுக்குள்.

பிளக் செருகி, ஸ்பிரிங்கை இழுத்து விட்டேன்.
வலது கை அடிக்குது. இடது கை
வாதம் வந்தவர் சோறு அள்ளுவதுபோல.
ரப்பர் மாற்றலாம். கொயில் என்றால் கொழும்பு.

பிறகு இரண்டு பக்கமும் பிடித்து
உலுக்கினேன்.
இன்னும் பலமாய்.
விளக்கு எரிந்தபடி, புள்ளி ஏறியபடி.
"பாத்தியளோ தங்கச்சி,
என்ன செய்தாலும் நிக்காது. தங்கம்."

குனிந்து பார்த்தேன்.
மிஞ்சி உலுக்கினால்
ஆட்டத்தை நிறுத்துகிற ஊசற்கம்பியை
யாரோ குறட்டால் வெட்டியிருக்கிறார்கள்,
சுத்தமாக.

அதற்குத்தான் கூடக் கழித்தேன்.
அவருக்கு விளங்கவில்லை.
தொண்ணூற்றிரண்டில் முடிந்தது.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி
வைக்கோல் அணைத்துக் கட்டும்போது கேட்டார்,
"எங்க வைக்கப் போறியள்?"
பொங்கலுக்கு, கோயில் வீதியில், ஒரு ஆட்டம் ஐம்பது.
முதலில்
ஒரு சாண் கம்பி வாங்க வேணும்.