மீன் வாசமுள்ள ஐஸ்

சயானில் ரயில் தாமதம்.
வார்ம்அப் செய்யாமலே
ரெய்டு வந்தாள் செல்வக்கனி.
கணுக்காலைப் பிடித்தவள் நான்.
கபடி கபடி பாதியில் அறுந்து
ஐயோ ஆயிற்று.

யாரோ தைலம் என்றார்கள்.
யாரோ இழுத்துவிடச் சொன்னார்கள்.
ஒருவரும் தொடாதீர்கள் என்றேன்.
போன வருஷம் அப்படி இழுத்துவிட்டுத்தான்
மழைக்காலம் முழுக்க நொண்டினேன்.

மீன்காரி சங்கீதாபாய்
வாவல் பெட்டியிலிருந்து அள்ளித் தந்த ஐஸ்,
தோலைச் சுட்டுவிடாமல் என் ஜெர்சியில் சுற்றி
இருபது நிமிடம்.
கால், எல்லார் பைகளையும் அடுக்கியதன் மேல்.

"நான் கோட்டைத் தொட்டேன், பார்த்தாயா?"

தொட்டாள். விரல் நுனி.
நடுவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார்.
பாயிண்ட் எங்களுக்கு.

ஐஸ் உருகி என் முழங்கை வரை ஒழுகிற்று.
பார்த்தேன் என்றேன்.

உடனே எழுந்து நடக்கப் பார்க்கிறாள்,
நடுவரிடம் சொல்ல.
அதே காலைப் பிடித்துக்கொண்டேன்,
இன்று இரண்டாம் முறை.