இரண்டு கிலோ சீனி

மணல்தான் போடுவதாக இருந்தோம்.
யார் கண்ணிலாவது விழுந்தால், என்றான் பிரெகாசென்.
அதனால் சீனி:
ரோஸ் பெல் கடையில் வாங்கிய இரண்டு கிலோ,
புனலில் கொட்டி, அடியில் நகத்தளவு கதவு வைத்து.

ஏற்றுவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்.
வாயுவை அடைத்துக் கையை விட்டால்
பலூன் தானே போகும்.
இறக்கத்தான் எங்களுக்கு எட்டு மாதம்.

இந்தத் தீவின் அகலத்தை
மேல்காற்று அரை மணியில் தாண்டிவிடும்.
அது கிழக்கே இழுக்கும். கீழ்க்காற்று மேற்கே தள்ளும்.
கடலுக்கு மேல் இறங்கி, கீழ்க்காற்றில் தயங்கி நின்றால்
அதுவே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.
வால்வைத் திறந்தால் சரியும்,
சீனியைச் சிந்தினால் தயங்கும்.
தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு
இருட்டில் படியிறங்குவதுபோல.

காலை ஆறு நாற்பதுக்கு விட்டோம்.
குரேபீப் மேகம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.
பதினெட்டாயிரம் மீட்டரில் வால்வைத் திறந்தேன்.
எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கின.
மூவாயிரத்தில் சீனிக்கு உத்தரவு போட்டேன்.
நொடிக்கு ஆறு மீட்டர்.
மறுபடி போட்டேன்.
ஏழு.
கதவு திறந்துதான் இருக்கு, என்றாள் தேவினா.

வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் நீலம்.

கடைசியாக ஒரு கம்பி உண்டு,
கயிற்றைச் சுட்டு அறுப்பது.
அறுத்தால் பலூன் போய்விடும்.
பெட்டி பாரசூட்டோடு மெல்ல வரும்,
பிறகு எங்கள் கையில் எதுவுமில்லை,
காற்றுதான்.
எட்டு மாதக் கணக்கை ஒரு விரலால்
அறுத்தேன்.

மதியம் மாயேபூரிலிருந்து போன்.
பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து
கிளாரிஸ் என்ற அம்மாள்:
கோழிக்கூண்டின் மேல் விழுந்திருக்கிறது,
இனி ஒரு வாரத்துக்கு முட்டை கிடையாது,
யார் கொடுப்பது?

நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
எறும்புகள் போய்ச் சேர்ந்திருந்தன.
சர்க்யூட் பலகையைச் சுற்றி, பாட்டரியின் மேலேறி,
புனலுக்குள் கல்லாகியிருந்த சீனி வரை
ஒரே கோடு.
குரேபீப்பின் ஈரத்தைக் குடித்துவிட்டு
மேலே போய் இறுகியிருக்கிறது.

பிரெகாசென் கட்டியை எடுத்துத் தரையில் தட்டினான்.
உடையவில்லை.
எறும்புகளை ஊதிவிட்டான், ஒவ்வொன்றாக,
முட்டைக் காசை நான் எண்ணி முடிக்கும்வரை.

அடுத்த தடவை அரிசி போட்டால் என்ன, என்றான்.

கூண்டுக்குள் ஒரு கோழி
தலையைச் சாய்த்துப் பார்த்தது.