நுரைத்தால் மட்டி

வட்டுவாகல் பாலம் கடக்கையில்
போத்தல் குலுங்காதபடி
பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன்.
ஐதான ஐதரோகுளோரிக் அமிலம், நூறு மில்லிலீற்றர்.
ஆய்வுகூட இடாப்பில்
"செய்முறை, தரம் பத்து" என்று எழுதிவிட்டு வந்தேன்.
எழுதியது முழுப் பொய்யுமில்லை.

மரியசீலியின் வீட்டுத்திட்டக் காணியில்
மலசலகூடக் குழி நாலடியில் நின்றிருந்தது.
புஸ்பகாந்தன் மண்வெட்டியைச் சாத்திவிட்டுப்
பூவரசுக்குக் கீழே குந்தியிருந்தான்,
வாயில் பற்றவைக்காத பீடி.
"வெள்ளையாய் வருது மிஸ்."
அவ்வளவுதான் சொன்னான்.

உரப்பை விரித்து அதில் பரப்பியிருந்தார்கள்.
கடல் ஒரு பக்கம், களப்பு மறு பக்கம்,
இந்த மண்ணில் பாதி ஊரிதான்.
எல்லாருக்கும் தெரியும்.
தெரிந்தும் நாலு நாளாய் யாரும் தோண்டவில்லை.

வெள்ளை ஒரு நிறம். பொருளல்ல.
மட்டி, கல்சியம் காபனேற்று.
எலும்பு, பெரும்பங்கு கல்சியம் பொஸ்பேற்று.
கல்சியம் இரண்டுக்கும் பொது,
மற்றப் பாதியில்தான் பிரிகிறது வழி.
காபனேற்றில் அமிலம் விழுந்தால்
சோடா திறந்தமாதிரிச் சீறும்.
எலும்பு அநேகமாய்ப் பேசாது;
ஓரிரு குமிழி, பிறகு அதுவுமில்லை.
இது நீதிமன்றத்துக்கு ஆகாது.
மரியசீலிக்கு ஆகும்.

முதல் துண்டு. ஒரு துளி.
நுரைத்தது.
"மட்டி" என்றேன்.
இரண்டாவதும் மட்டி. மூன்றாவது, நான்காவது,
எட்டாவதில் புஸ்பகாந்தன் பீடியைப் பற்றவைத்தான்.
பதினோராவது
தட்டையாய், ஒரு பக்கம் வளைந்து, நகம்போல.
அவன் களப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
துளி விழுந்து
ஒரு நொடி ஒன்றுமேயில்லை.
மேலே சேறு படிந்திருந்தது, அதனால்தான்.
பிறகு சீறியது.

மரியசீலி மூச்சு விட்டாள்.
அது ஆறுதலா, வேறெதுவுமா?
அதற்கு என்னிடம் சோதனை இல்லை.

உடைந்த விளிம்பை வெயிலில் திருப்பினேன்.
உள்பக்கம் மினுங்கியது. முத்துச்சிப்பிச் சாதி.
வெளியே கல்சைற்று, தூண் தூணாய் நெருக்கி நட்டது.
உள்ளே அரகனைட்டு, தட்டுத் தட்டாய்,
ஆயிரம் அடுக்கினால்தான் அரை மில்லிமீற்றர்.
சூத்திரம் இரண்டுக்கும் ஒன்று,
அடுக்கிய விதம் வேறு.
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே
சாந்தாய் ஒரு புரதம்.
நூற்றில் ஐந்து பங்குகூட வராது,
உடையவிடாமல் வைத்திருப்பது அதுதான்
என்று சொல்லிக்கொண்டே போனேன்.
சொல்ல ஏதாவது இருந்தது நல்லது.

ஓட்டின் முதுகில் வளர்ச்சிக் கோடுகள்.
தண்ணீர் ஒத்துப்போன காலம் அகலமாய்,
ஒத்துப்போகாத காலம் நெருக்கமாய்.
ஓரிடத்தில் வளர்ச்சி நின்று
பிறகு தொடங்கியிருந்தது.
அவள் விரல் அங்கே நின்றது.
"இது எந்த வருசம் மிஸ்?"
மட்டிக்கு எங்கள் வருசம் தெரியாது என்றேன்.

"மூடவா, தோண்டவா?" புஸ்பகாந்தன் கேட்டான்.
"தோண்டு" என்றாள்.
நான் போத்தலை மூடி திருகி மூடும்போது
பொத்தியிருந்த இடக்கையை விரித்தாள்.
சுண்டுவிரல் நீளம். வெள்ளை.
முதல் நாளே எடுத்து வைத்தது போலும்.
"இதுக்கு விட வேண்டாம்."
நான் விடவில்லை.
கையை மூடிக்கொண்டாள்.

பதினோராவது துண்டை மட்டும் கொண்டுவந்தேன்.
இரவு முழுக்க அமிலத்தில் கிடந்தது.
காலையில் வெள்ளை இல்லை.
காபனேற்று வாயுவாய்ப் போயிருந்தது,
கல்சியம் நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல்.
மிஞ்சியது ஒரு கபில நிறச் சவ்வு,
வெங்காயத் தோலைவிட மெல்லிசு,
சிப்பியின் அதே வளைவில்,
அமிலம் தின்னாமல் விட்டது.
குழாயைத் தொட்டால் ஆடியது.

மூன்றாம் பாடவேளை தரம் பத்து வருகிறது.
சோதனைக் குழாய்கள் கழுவி வைக்க வேண்டும்.
மற்றவற்றைக் கழுவினேன்.