முகத்துவாரம்

மண்டூருக்குள் வெள்ளம்.
இன்சுலின் தீர்ந்து மூன்று நாள்.
தோணியேறி, குறுமண்வெளிக்கு வந்து,
கழுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் டிலோஜன்.
வாயருகே குனிந்த தாதி
"நெயில் பொலிஷ் மணக்குது" என்றாள்.

இரத்தம் என் மெஷினில் சொன்னது:
ஏழு தசம் பூச்சியம் ஆறு.
ஏழரைக்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டியது.
சின்ன இறக்கம்தான்;
ஆள் மூழ்கப் போதும்.

நினைவு தப்பியும்
மூச்சு தப்பவில்லை.
ஆழமாக, விடாமல்,
புளிப்பை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது.

"முட்டுது மனே, காற்று வைங்க"
தகப்பன், கண்ணாடிக்கு வெளியே.
முட்டவில்லை, ஐயா.
இன்று பெரியகல்லாற்றில் மண்மேட்டை வெட்டிவிட்டார்களே,
அதுபோல வெட்டிக்கொண்டிருக்கிறான்
உள்ளேயிருந்து, தனியாக.

மூன்று மணிக்கு
ஏழு தசம் ஒன்று எட்டு.

"வடியுதா?"
எதைக் கேட்டார், தெரியவில்லை.
தாளைப் பார்த்துக்கொண்டு
"மெல்ல" என்றேன்.