நீளம்: நான்கு

கல்லூரிப் புத்தகத்தில் அரேவுக்கு அணி என்று பேர்.
அணி என்றால் நகை, அணி என்றால் படை,
தமிழ் டீச்சருக்கு அது உவமை, உருவகம்.
பெங்களூர் ஹொங்கசந்திராவில், ஆறாவது கிராஸில்,
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில்
அணி என்றால் நாங்கள் நாலு பேர்.

எண் சுழியத்தில் தொடங்கும்.
அட்வான்ஸ் கொடுத்தவள் என்பதால் சுழியம் நான்.
ஒன்று மெர்லின். இரண்டு பூங்காவனம்.
மூன்று, கடைசியாக வந்த ரஹ்மத்;
புஷ் என்று ஒரே சொல்லில் அவளைச் சேர்த்தேன்,
கட்டிலை மேலே ஏற்றத்தான் அரை நாள் ஆனது.

வாடகை பதினெட்டாயிரம்.
நீளத்தால் வகு.
தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்று
ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு
வாட்ஸப்பில் வந்து விழும்.
பதினோரு வரிதான் எழுதினேன். மெர்லின் அதற்கு
ஈட்டிக்காரி என்று பேர் வைத்தாள்.

ஐப்பசியில் பூங்காவனத்துக்கு வேலை போனது.
காதில் கிடந்தது அடகுக்குப் போனது,
பிறகு கழுத்தில் கிடந்ததும்.
ராத்திரி பதினொன்றரைக்கு, சில்க் போர்டில்,
வேலூர் பஸ்ஸின் படியில் நின்றபடி
"வந்துடுவேன். என் எடத்த யாருக்கும் குடுத்துடாதீங்கடி"
என்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, அவளை எடுக்க உட்கார்ந்தேன்.
பாப் என்றால் கடைசி ஆள் போவாள்; ரஹ்மத் என்ன செய்தாள்?
ஷிஃப்ட் என்றால் போவது நான்.
ஃபில்டர் போட்டால் பழைய பட்டியல் அப்படியே கிடக்க
அவள் இல்லாத புதுசு ஒன்று கிடைக்கும்,
சண்டைக்குப் பிறகு மறுபடி அடித்த
கல்யாணப் பத்திரிகை மாதிரி.
முறைப்படி செய்வதென்றால் ஸ்ப்ளைஸ்:
இரண்டிலிருந்து ஒன்றை வெட்டு.
வெட்டினால் மூன்று இரண்டாகும்,
ரஹ்மத் ஜன்னலோரக் கட்டிலுக்கு நகர வேண்டும்,
இட்லிப்பொடி டப்பாவில் ஒட்டிய பேரைக் கிழிக்க வேண்டும்.

டெலீட் என்று அடித்தேன்.

தெரியாமல் இல்லை.
நேர்முகத்தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வியே அதுதான்,
சரியாகச் சொல்லித்தான் வேலை வாங்கினேன்:
டெலீட் ஆளை எடுக்கும், இடத்தை எடுக்காது.
உள்ளே எட்டிப் பார்த்தால் காலி என்று காட்டும்.
நீளத்தைக் கேட்டால் நான்கு என்று சொல்லும்.

ஒன்றாம் தேதி
ஃபார்ஈச் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனது.
ஓட்டை வந்தது; சத்தமில்லாமல் தாண்டிப் போனது.
மூன்று பேருக்கு மூன்று நாலாயிரத்து ஐந்நூறு.
ஓனர் நஞ்சுண்டப்பா கணக்குப் பார்க்கும் முன்
மீதியை நான் போட்டுவிட்டேன்.
அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும்.

மெர்லினுக்குக் கணக்கு வரும்.
ஒருநாள் தோசையைத் திருப்பியபடியே
"ஈட்டிக்காரிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.
பாத்துக்கிட்டிருக்கேன் என்றேன்.
அந்த ஒன்றாம் தேதி என் கணக்கில்
ஆயிரத்து ஐந்நூறு கூடுதலாக விழுந்தது.
பத்து நிமிஷம் கழித்து இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு.
குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டு பேரும்
எதுவும் எழுதவில்லை.

மாசி வந்துவிட்டது.
காய்ந்த துணியெல்லாம்
ஜன்னலோரக் கட்டிலில்தான் குவிகிறது.
ரஹ்மத் சாயங்காலம் வந்து, முகம்கூடக் கழுவாமல்,
அள்ளித் தன் கட்டிலில் போட்டுக்கொண்டு மடிக்கிறாள்.